எட்டு என்று எழுதாதே

டாக்ஸ் ஆடிட் கெடு மாதமான செப்டம்பர் பிறந்துவிட்டால் ஆடிட்டரான எனக்கு வரும் போன்கள் எல்லாம் ராத்திரி பத்தரைக்கு மேல்தான். கிளையன்ட் இல்லை, பேங்க் மேனேஜரும் இல்லை. எல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைகள். இரணியல், திங்கள்சந்தை, தக்கலை, குளச்சல் பக்கமிருந்து சி.ஏ. படிக்கப் போய், கொச்சியிலோ சென்னையிலோ பெங்களூரிலோ பெரிய ஆடிட் கம்பெனிகளில் உட்கார்ந்திருப்பவர்கள். "எக்கா, ஒறங்கியாச்சா?" என்று ஆரம்பிப்பார்கள். அந்த 'எக்கா' வருகிற தொனியிலேயே தெரிந்துவிடும், இன்றைக்கு வரி சந்தேகம் எதுவும் இல்லை, வெப்ராளம்தான் என்று.

போன செப்டம்பரில் நெய்யூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கூப்பிட்டாள். குவாலிஃபை ஆகி முதல் வேலை. அழவெல்லாம் இல்லை. "எனக்க மேனேஜர் சாயங்காலம் ஆறரைக்கு ரிவியூ நோட்ஸ் அனுப்புறாரு. காலையில ஒம்பது மணிக்கு க்ளோஸ் பண்ணியாச்சான்னு கேக்காரு. நடுவுல ஒரு ராத்திரி இருக்குன்னு அவருக்குத் தெரியாதா, இல்ல தெரிஞ்சுதான் பண்ணுகாரா?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு அரை மணி நேரத்தில் போனில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் அன்னா செபாஸ்டியனில்தான் வந்து நிற்கும். கொச்சிக்காரப் பெண், 26 வயது. 2023 நவம்பரில் சி.ஏ. முடித்து, 2024 மார்ச்சில் புனேயில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் குழும நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். அது அவருடைய முதல் வேலை. ஜூலை 20 அன்று இறந்துபோனார். அவருடைய அம்மா நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியே வந்தபோது, நம்ம தொழிலில் இருக்கிற எல்லோருடைய போனுக்கும் அது வந்து சேர்ந்தது. நான் அதைப் படித்து முடித்தபிறகு திரும்ப ஒருமுறை மெதுவாகப் படித்தேன். ஆடிட்டர் படிக்கிற மாதிரி, என்ன நடந்தது, எந்தத் தேதியில் என்று.

அந்தக் கடிதத்தின்படி, பட்டமளிப்பு விழாவுக்காகப் பெற்றோர் ஜூலை முதல் வாரம் புனேக்குப் போகிறார்கள். மகளுக்கு ஒரு வாரமாக நெஞ்சில் இறுக்கம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். இ.சி.ஜி. நார்மல். தூக்கம் போதவில்லை, சாப்பாடு நேரம் தப்புகிறது என்று சொல்லி மருந்து கொடுக்கிறார் மருத்துவர். அங்கிருந்து அவள் நேரே வேலைக்குப் போகிறாள். மறுநாள் விழா. அன்றைக்கும் மத்தியானம் வரை லேப்டாப். விழாவுக்கே தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறார்கள். சொந்தக் காசில் அப்பா அம்மாவை அந்த விழாவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசையாம். மேனேஜர் கிரிக்கெட் மேட்சுக்குத் தோதாக மீட்டிங்கை மாற்றி வைப்பாராம், நாள் முடிகிற நேரத்தில் வேலை கொடுப்பாராம். கவலையைச் சொன்னபோது, ராத்திரியில் செய்யலாமே, எல்லோரும் அப்படித்தானே என்று பதில் வந்ததாம். ஏற்கெனவே பலபேர் விட்டுப்போன டீம் என்றும், நீ நின்று காட்டி அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்றும் சேரும்போதே அவளிடம் சொன்னார்களாம்.

அவளுடைய சாவுக்கு வேலைப்பளு காரணமாக இருக்க முடியாது என்று நிறுவனத் தலைவர் மறுத்தார். மருத்துவக் காரணத்தைத் தீர்மானிக்க நான் யார். ஆனால் கடிதத்தில் இருக்கும் அன்றாட விவரங்களில் எதுவுமே எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனியிலும் கிரிக்கெட் உண்டு, ஆறரை மணி ரிவியூ நோட்ஸ் உண்டு, பலபேர் விட்டுப்போன டீம் என்ற பெருமையும் உண்டு.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி நிகழ்ச்சியில் பேசிய மத்திய நிதியமைச்சர், யார் பெயரையும் சொல்லாமல், நெருக்கடியைத் தாங்கும் உள்வலிமையை வீடும் கல்லூரியும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். எனக்குக் கோபம்தான் வந்தது. சி.ஏ. பரீட்சையை முடித்து வெளியே வருகிற பிள்ளையிடம் உள்வலிமை இல்லை என்றால் வேறு யாரிடம் இருக்கும்? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நான் பார்த்தவரை அது இருக்கிற இடம் டைம்ஷீட்.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு, ஒரு கம்பெனி ஆடிட்டுக்கு ஆறு லட்சம் ஃபீஸ் என்று வையுங்கள். அதற்கு 300 மணி நேரம் என்று பட்ஜெட் போடுவார்கள். கிளையன்ட் ஸ்டாக் கணக்கைத் தாமதமாகத் தருவார், பாதி வவுச்சர் இருக்காது, சிஸ்டம் மாறியிருக்கும். உண்மையில் 480 மணி நேரம் ஆகும். ஆனால் டைம்ஷீட்டில் 480 ஏறினால் மேனேஜருடைய ரியலைசேஷன் விழுந்துவிடும். மணிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டதில் எவ்வளவு வசூலாகிறது என்பதுதான் ரியலைசேஷன். அவருடைய அப்ரைசலும், அடுத்த புரமோஷனும் அதில் தொங்குகின்றன. எழுதாதே என்று அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். "இந்த வேலைக்கா இவ்வளவு நேரம்?" என்று ஒரு கேள்வி. அதுவே போதும். புதிதாகச் சேர்ந்த பிள்ளை, தனக்குத்தான் வேலை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பதின்மூன்று மணி நேரம் உழைத்துவிட்டு 'எட்டு' என்று எழுதும். வருட முடிவில் கணக்கில் 310 மணி நேரம். அடுத்த வருடம் பட்ஜெட் போடும்போது போன வருட ஆக்சுவல் என்று இந்த 310-ஐத்தான் எடுப்பார்கள். கொஞ்சம் திறமை கூடியிருக்குமே என்று 290 ஆக்குவதும் உண்டு. காணாமல்போன 170 மணி நேரம் நாலு பேருடைய உறக்கத்திலிருந்து போனது. எந்த ரிஜிஸ்டரிலும் அது இல்லை.

இதே பிள்ளை பகலில் என்ன செய்கிறது? கிளையன்டுடைய ஃபேக்டரியில் மஸ்டர் ரோலைப் புரட்டி, ஓவர்டைம் ரிஜிஸ்டர் சரியாக இருக்கிறதா என்று டிக் போடுகிறது. ஆடிட் ஆவணங்களுக்கான எஸ்.ஏ. 230 தரநிலை என்ன கேட்கிறது? அந்த வேலையோடு முன்பின் தொடர்பில்லாத, அனுபவமுள்ள வேறொரு ஆடிட்டர் கோப்பைத் திறந்தால், என்ன வேலை நடந்தது, எப்படி நடந்தது என்று அவருக்குப் புரிய வேண்டும். நம்ம டைம்ஷீட்டை அப்படி ஒருவர் திறந்து பார்த்தால், ஊரிலேயே நிம்மதியான தொழில் இதுதான் என்று நினைத்துவிட்டுப் போவார்.

இது நம்ம நாட்டுச் சீக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் 1978-லேயே கோஹன் கமிஷன் அறிக்கை, நேர நெருக்கடிதான் தரமில்லாத ஆடிட்டுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்று சொல்லிவிட்டது. சிட்னியில் 2022-ல் எர்ன்ஸ்ட் அண்ட் யங் அலுவலகத்தில் ஒரு பெண் ஊழியர் இறந்தபிறகு, எலிசபெத் ப்ராடெரிக் என்பவரை வைத்து அந்த நிறுவனமே ஓர் ஆய்வு செய்து, 2023-ல் வெளியிட்டது. வாரத்துக்கு 51 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வதாக 31 சதவீதம் பேரும், நீண்ட நேர வேலையால் உடம்பு கெட்டதாக 46 சதவீதம் பேரும் அதில் சொல்லியிருந்தார்கள். கேட்டாவது பார்த்தார்களே, அந்த மட்டுக்கும் நல்லது.

நம்ம டைம்ஷீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இரணியல் தறிகளில் வேட்டி நெய்தவர்களுக்கு நெய்த துணிக்குக் கூலி. கூலி குறைவுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு நாள் நெய்த துணியை ஒரே நாளில் நெய்தேன் என்று எழுதிக்கொடு என யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. இரணியல் கோர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு வக்கீல் நண்பரோடு சாயா குடிப்பேன். கேட்டதும் அவர் சிரித்தார். "எங்களுக்கே இல்ல, ஒங்களுக்கு எங்க?" என்றார். பிறகுதான் விளக்கினார். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரை வேலையை விட்டு எடுத்த வழக்கில், வி.சசிதரன் எதிர் பீட்டர் அண்ட் கருணாகர் என்று 1984-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறதாம். வக்கீல் அலுவலகம் கேரளக் கடைகள் சட்டத்தின்கீழ் வணிக நிறுவனம் ஆகாது என்று. நம்ம பக்கத்தில் 1947-ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்குமேல் போனால் இரட்டைச் சம்பளம் என்று எழுதியிருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறது. 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டால் போதும், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே வாதத்துக்குரிய விஷயமாகிவிடும்.

மகாராஷ்டிரத்தின் 2017 கடைகள் சட்டம் பரவாயில்லை. அக்கவுன்டன்ட் அலுவலகத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அன்னா இறந்தபிறகு தொழிலாளர் துறை அதிகாரிகள் புனே அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். 2007-லிருந்து கடைகள் சட்டப் பதிவே இல்லாமல் அது நடந்துவந்ததாகச் சொன்னார்கள். நாம் கிளையன்டுக்கு ஆடிட் போனால் முதல் நாளே கேட்கிற பேப்பர் அது.

ஆக, சட்டம் வருகிறபோது வரட்டும். நெய்யூர்ப் பிள்ளைக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில், உண்மையான மணி நேரத்தை எழுது. பதின்மூன்று என்றால் பதின்மூன்று. பக்கத்தில் என்ன வேலை என்றும் எழுது: 'கிளையன்ட் கடன்பட்டோர் பட்டியலை மாலை 5.40-க்கு அனுப்பினார், ரிவியூ குறிப்புகள் 6.30-க்கு வந்தன, 11.50 வரை திருத்தம்.' மேனேஜர் குறைக்கச் சொன்னால், மரியாதையாக, "சரி சார், எவ்வளவு போடணும்னு ஒரு மெயில் போட்டிருங்க, மாத்திடறேன்" என்று சொல்லு. எதிர்த்துப் பேசுகிற தொனி வேண்டாம். ஒரு வவுச்சருக்கு அப்ரூவல் கேட்கிற மாதிரி கேள். அந்த மெயில் பெரும்பாலும் வராது.

நான் சென்னைக் கம்பெனியில் இருந்த காலத்தில் எங்கள் மேனேஜர் ஒருவர், பேர் எதற்கு, பயங்கரமான சத்தம். ஆனால் அவருக்குமேல் இருந்த பார்ட்னர் முன்னால் நிற்கும்போது அவருடைய கழுத்து வேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். கிளையன்டுக்குத் தேதியை வாக்குக் கொடுத்தது பார்ட்னர். ஃபீஸைக் குறைத்ததும் பார்ட்னர்தான். இவர் நடுவில் சிக்கிய ஆள். அந்தப் பயத்தைக் கீழே கடத்தத்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. இதைத் தெரிந்துகொண்டதால் அவர்மேல் எனக்குப் பாசம் ஒன்றும் பொங்கவில்லை. ஆனால் அவர் கத்தும்போது அது என்னைப் பற்றியது இல்லை என்று புரிந்தது. சவம், கத்திவிட்டுப் போகட்டும் என்று இருக்க முடிந்தது. அவரிடம் பலித்த ஒரே உத்தி, முடியாது என்று சொல்லாமல் வரிசை கேட்பதுதான். "சார், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணுதான் முடியும். ஃபிக்ஸட் அசெட்டா, ஜி.எஸ்.டி. ரீகன்சிலியேஷனா?" இரண்டும் வேண்டும் என்பார். அப்படியானால் கூட ஒரு ஆள் வேண்டும் என்று அப்போதே மெயில். பாதி தடவை ஆள் வந்தது. மீதிப் பாதியில், ஆள் கேட்டதற்கு ரெக்கார்ட் இருந்தது. ஃபைலில் இல்லாத வேலை நடக்காத வேலை என்று நமக்குத்தான் முதல் நாளிலிருந்தே சொல்லித் தருகிறார்களே, அந்தப் பாடத்தை நமக்காகவும் ஒருதடவை பயன்படுத்தினால் என்ன?

எல்லா மேனேஜரும் பயந்தவர்கள் இல்லை. சிலபேர் கெட்டவர்கள்தான். ஆள்முன்னால் அவமானப்படுத்துவது, உடம்பு சரியில்லை என்றால் நம்பாமல் வீடியோ காலில் வரச் சொல்வது, லீவு கேட்ட நாளிலிருந்து பேசாமல் இருப்பது. இவர்களிடம் உத்தி எதுவும் பலிக்காது. டீம் மாற்றம் கேள். கிடைக்காவிட்டால் வெளியே வேலை தேடு. நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்றால் இன்றைக்கே எண்ண ஆரம்பி.

ஆர்ட்டிக்கிள்ஷிப் என்ற சி.ஏ. பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் ஊழியரும் இல்லை, மாணவரும் இல்லை. 2023 ஜூலைக்குப் பிறகு பயிற்சி மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது நல்லதுதான். கூடவே லீவும் வருடத்துக்கு 12 நாள் என்று சுருங்கியது. எங்கள் காலத்தில் ஆர்ட்டிக்கிளுக்கு வாரம் 35 மணி நேரம் என்பது சி.ஏ. இன்ஸ்டிட்யூட் வழிகாட்டுதல். அதைச் சொன்னால் இன்றைக்கும் சீனியர்கள் சிரிக்கிறார்கள். வேறு ஆபீசுக்கு மாற வேண்டுமென்றால் ஃபார்ம் 109-ல், பயிற்சி தருகிற அதே பிரின்சிபால் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து ஒன்றுக்காகவே வாயை மூடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சேருகிறதுக்கு முன்னாலேயே, அந்த ஆபீசில் இப்போது இருக்கிற ஆர்ட்டிக்கிள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசு. ஆபீஸ் பெரிதா, கிளையன்ட் யார் யார் என்று கேட்காதே. போன செப்டம்பர் 29 ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாய் என்று கேள்.

கெடு தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-ல் டாக்ஸ் ஆடிட் தேதியை செப்டம்பர் 30-லிருந்து அக்டோபர் 31-க்கு நீட்டினார்கள், பிறகு நவம்பர் 10-க்கு. நீட்டினால் மூச்சு விடலாம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நீட்டல் அறிவிப்பு கடைசி வாரத்தில்தான் வரும். அதற்குள் ஓடி முடித்திருப்போம். நீட்டியதும் கிளையன்ட் பேப்பர் தருவதை நிறுத்திவிடுவார். ஒரு மாத ஓட்டம் ரெண்டு மாத ஓட்டமாகும், அவ்வளவுதான்.

உடம்பு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பேரமே கிடையாது. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதயநோய்ச் சாவு ஆபத்து 17 சதவீதம் கூடுதல். நெஞ்சு இறுகினால் வாயுக் கோளாறு என்று நீயே முடிவு கட்டாதே. டாக்டர் பார்த்து நார்மல் என்று சொன்னபிறகும் இறுக்கம் போகாவிட்டால் மறுபடியும் போ. மனசு ராத்திரியில் நிற்காமல் ஓடினால் டெலி-மானஸ் 14416, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். எனக்கு போன் பண்ணுவதைவிட அது மேல்.

இனி வீடு. நம்ம ஊரில் இதுதான் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றும். பிள்ளை சி.ஏ. பாஸானதும் ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் வைத்தாயிற்று. சர்ச்சிலோ கோயிலிலோ பொன்னாடை போட்டாயிற்று. பத்தாவது மாசம் 'எனக்கு முடியல' என்று வந்தால் அம்மா என்ன சொல்வாள்? "எல்லாத்துக்கும் கஷ்டம் உண்டு மக்களே, அனுசரிச்சுப் போ." எங்கள் வீட்டிலும் அதுதான் சொன்னார்கள். சென்னையிலிருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸ் பிடித்து இரணியல் ஸ்டேஷனில் வந்து இறங்கிய அன்று, அத்தை கேட்ட முதல் கேள்வி, "லீவா, இல்ல விட்டாச்சா?" விட்டாச்சு என்றேன். மைனிதான் பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "முதல்ல ஒறங்கட்டும், பொறவு கேளுங்க" என்றாள். பெற்றோர் யாராவது இதைப் படித்தால் மைனியைப் போல இருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கேள்வியைக் கேட்கலாம், பொறவு.

அதற்காக, வேலையை விட்டு வந்து நான் நடத்துகிற சொந்த ஊர் பிராக்டீஸ் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். முந்திரி வியாபாரி காலையில் ஆறு மணிக்கு போன் பண்ணுவார். ஜி.எஸ்.டி. போர்ட்டல் 20-ஆம் தேதி சாயங்காலம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஃபீஸ் கேட்டால் 'ஓணம் கழிஞ்சு பாக்கலாம்' என்பார்கள், ஓணம் கழிந்தால் தீபாவளி. இன்றைக்கு என்னிடமும் இரண்டு அசிஸ்டென்ட் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான்தான் மேனேஜர். ஆறரைக்கு ரிவியூ நோட்ஸ் அனுப்ப எனக்கும் கை துறுதுறுக்கும், தேதி நெருங்கும்போது. அவர்களுடைய டைம்ஷீட்டில் நான் கைவைப்பதில்லை. அதன்படி கணக்குப் பார்த்தபோது, ஒரு மரக்கடைக்காரருக்கு நான் வாங்கிக்கொண்டிருந்த ஃபீஸ் வேலையில் பாதிக்குக்கூடக் கட்டவில்லை என்று தெரிந்தது. ஏற்றிக் கேட்டேன். அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு தக்கலையில் வேறொருவரிடம் போய்விட்டார். ரப்பர் கடைக்காரர் இரண்டு நாள் முனகிவிட்டு, கொடுத்தார்.

நெய்யூர்ப் பிள்ளை அந்த வாரம் பதின்மூன்று, பன்னிரண்டு, பதினான்கு என்று அப்படியே எழுதிப் போட்டாளாம். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். மெயில் போடுங்கள் என்றிருக்கிறாள். மெயில் வரவில்லை. வேலை குறையவும் இல்லை. ஆனால் ஜனவரியில் அடுத்த வருடப் பட்ஜெட் போடுகிற மீட்டிங்கில் அந்த கிளையன்டுக்கு மணி நேரம் கூட்டியிருக்கிறார்கள், ஒரு ஆர்ட்டிக்கிளும் சேர்த்திருக்கிறார்கள். "அது எனக்க கணக்கப் பாத்துதானான்னு தெரியாது எக்கா. அவரு இப்பவும் மொகம் குடுத்துப் பேசமாட்டாரு," என்றாள். அவள் வேறு இடத்தில் இன்டர்வியூ கொடுத்திருக்கிறாள். கிடைத்தால் போய்விடுவாள், ஏப்ரல் பேங்க் பிராஞ்ச் ஆடிட் சீசனுக்கு முன்னாலேயே.